வெளிப்பக்கக் காது

என் மனைவி நாகலெட்சுமிக்குக் கூடப்பிறந்தவர் ஒரே ஒரு அண்ணன். அவரும் சைக்கிள் மேல் இருந்தார்.

செல்லசாமி என்றால் அந்த நாளில் அட்டனிலிருந்து நுவரெலியா வரை தெரியாதவர்கள் குறைவு. ஏழு நாள் சைக்கிளை விட்டு இறங்காமல், தரையில் கால் ஊன்றாமல், ஒரே மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வருவது அவருடைய தொழில். சாப்பாடு, குளிப்பு, முகச்சவரம் எல்லாம் ஓட்டத்திலேயே நடக்கும். தூக்கம் என்று தனியாகக் கிடையாது. கண் தூங்கும், கால் மிதிக்கும். மற்றக் காரியங்களுக்கு மைதானத்தின் ஒரு மூலையில் சாக்குப் படுதா கட்டியிருப்பார்கள். அதற்குப் பின்னால் போகும்போது மட்டும் வண்டி கொஞ்சம் மெதுவாகும், ஒலிபெருக்கியில் பாட்டு கொஞ்சம் சத்தமாகும்.

இதையெல்லாம் யார் வேலை மெனக்கெட்டுப் பார்ப்பார்கள் என்று கேட்கலாம். தோட்டம் தோட்டமாக இறங்கி வந்து பார்த்தார்கள். நாள் பூராவும் மலையில் நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு, ஒருவன் உட்கார்ந்துகொண்டே கஷ்டப்படுவதைப் பார்ப்பதில் ஒரு திருப்தி இருந்திருக்க வேண்டும். நானும் தேயிலை ஸ்டோரில் ரோலர் மிசினுக்குப் பக்கத்தில் காலம் பூராவும் நிற்கிறவன்தான். என்னைப் பார்க்க ஒருவரும் கயிறு கட்டிக் கூட்டம் சேர்த்ததில்லை.

மச்சான் ஒரு காலத்தில் எங்கள் தோட்டத்துத் தபால் பையைப் பூண்டுலோயா டவுனுக்கும் தோட்டத்துக்குமாக சைக்கிளில் கொண்டுபோய்க் கொண்டுவந்தவர். அந்த மேட்டில் இறங்காமல் மிதித்து ஏறுகிறாரே என்று கண்டுபிடித்தவன் சின்னராசா. டவுனில் கல்யாணம், கருமாதிக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். அவன் கண்ணில் பட்ட நாளிலிருந்து மச்சானுக்குத் தோட்ட வேலையும் போயிற்று, வீடும் போயிற்று. அவர் மனைவி ராக்காயி டயகமவில் தன் தாய் வீட்டோடு இருந்தாள். பிள்ளை இல்லை. ஏன் இல்லை என்று கேட்டவர்களிடம், “மனுசன் மொதல்ல எறங்கட்டும், பாப்போம்,” என்பாள்.

எங்கள் சங்கடம் வேறு. எங்கள் ஆட்களில் பிள்ளைக்குக் காது குத்துவதென்றால் தாய்மாமன் மடி வேண்டும். பெற்ற அப்பனின் மடி அதற்குச் செல்லாது. வயதும் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். எங்கள் மகள் பூரணிக்கு ஒரு வயதில் நாள் வைத்தோம். ஆசாரி வந்தார், சொந்தக்காரர்கள் வந்தார்கள், மடி வரவில்லை. அது அட்டனில் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று வயதில் மறுபடி நாள் வைத்தோம். அப்போது மடி டயகமவில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு தடவையும் வந்தவர்கள் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

என் அக்கா ஒரு யோசனை சொன்னாள். முறைக்கு அண்ணன் என்று வரிசை வீட்டு லயத்துக்கு இரண்டு பேர் இருக்கிறார்களே, அதில் ஒருவனைப் பிடித்து உட்கார வைத்தால் என்ன? நியாயமான யோசனை. நானும் தலையை ஆட்டினேன். நாகலெட்சுமி அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

“அம்மாவும் அப்பாவும் போனப்புறம் எனக்குன்னு இருக்கறது அவரு ஒருத்தர்தான். எங்கண்ணன் உசுரோட இருக்கையில இன்னொருத்தன் மடியில எம்புள்ளைய வச்சா, அவரு செத்துட்டாருன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும். ஐஞ்சு வயசு வரட்டும்.”

அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கள் ஒற்றையறைக் காம்பராவில் எடுபடவில்லை.

ஐந்து வயது வந்தது. மச்சானும் வந்தார், நம்புங்கள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே வந்தார். பலகையில் உட்கார்ந்து, தங்கை வைத்த ரொட்டியையும் கட்டச் சம்பலையும் நிதானமாகச் சாப்பிட்டார். உட்கார்ந்த இடத்திலும் அவருடைய முழங்கால் இரண்டும் மாறி மாறி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது.

“தங்கச்சி, இந்தத் தடவ நம்ம பூண்டுலோயாவுலதான் ஓட்டப் போறேன். ஏழாம் நா சாயங்காலம் எறங்கிருவேன். மறுநா காலையில விசேஷத்த வச்சுக்க,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களா மாப்புள, குடும்பமும் தொழிலும் ஒரே எடத்துல. கொஞ்சம் யோசிச்சா எல்லாத்தயும் சமாளிச்சிரலாம்.”

நாகலெட்சுமிக்கு முகம் பூத்துவிட்டது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாயிற்று என்பதால் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஏழாம் நாள் சாயங்காலம் எங்கள் தோட்டமே மைதானத்தில் நின்றது. மாலை தயாராக இருந்தது. மேளக்காரர்கள் தவிலை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். சின்னராசா மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ரசிகப் பெருமக்களின் அன்பு வேண்டுகோளுக்கு இணங்க, வீரர் செல்லசாமி அவர்கள் மேலும் இரண்டு நாள் ஓட்டுவார்கள்,” என்றான். வேண்டிக்கொண்ட ரசிகர் யார் என்று நான் சுற்றிமுற்றிப் பார்த்தேன். மச்சானுக்கே அந்தச் சேதி ஒலிபெருக்கி சொல்லித்தான் தெரியும். இல்லை என்று வாதாட வேண்டுமானால் நிற்க வேண்டும், நின்றால் தோற்றதாகிவிடும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை.

கயிற்றைத் தாண்டிக் குதித்து நான் அவர் பக்கத்திலேயே ஓடினேன்.

“மச்சான், விடிஞ்சா காதுகுத்து.”

“தெரியும் மாப்புள.”

“அப்ப எறங்குங்க.”

“எறங்குனா ஏழு நா ஓட்டுனது தண்ணியில போயிருமே மாப்புள.”

எனக்கு மூச்சு வாங்கியது. அவர் ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வரும்வரை நின்றேன். வந்ததும் மிச்சத்தைச் சொன்னார்.

“புள்ளைய இங்க கூட்டியாந்திருங்க. மடி மடிதானே. அது ஓடுனா என்ன, நின்னா என்ன?”

மடி ஓடலாமா என்று கோயில் பூசாரியிடம் கேட்டோம். ஓடக்கூடாது என்று எங்கும் சொல்லியிருப்பதாகத் தெரியவில்லை என்றார். என் அக்கா சிரித்த சிரிப்பை இங்கே எழுதுவதற்கில்லை. நாகலெட்சுமி மட்டும், “அவரு மடிதானே, எங்க இருந்தா என்ன?” என்று அண்ணன் சொன்னதையே திருப்பிச் சொன்னாள்.

காலையில் போனோம். மச்சான் முறை தவறாதவர். தாய்மாமன் சீரை ஹேண்டிலிலேயே கட்டி வைத்திருந்தார்: ஒரு பட்டுப் பாவாடை, ஒரு தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம். பூரணியைத் தூக்கி அவருக்கு முன்னால் பாரில் வைத்தேன். அவர் இடது கையால் அவளை மடியோடு அணைத்துக்கொண்டு வலது கையால் வண்டியைப் பிடித்தார். அழகன் ஆசாரி, பாவம், வயதானவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஊசியும் கையுமாகப் பக்கத்தில் ஓடினார்.

மச்சான் எப்போதும் இடது பக்கமாகத்தான் சுற்றுவார். அதனால் ஆசாரி வட்டத்தின் உள்பக்கம் ஓடினார். உள்பக்கத்தில் தூரம் குறைவு. இரண்டு சுற்று ஓடி, மூன்றாவது சுற்றில் இடது காதைக் குத்தி, கம்பியையும் முறுக்கிவிட்டார். கூட்டம் கை தட்டியது. நாகலெட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

வலது காது வெளிப்பக்கம் இருந்தது. அங்கே ஓட வேண்டிய தூரம் கூட. ஆசாரி கால் சுற்று ஓடுவதற்குள் சைக்கிள் அவரைக் கடந்து போய்விடும். வண்டி திரும்பி வரும்போது ஆசாரி உட்கார்ந்திருப்பார். வலது பக்கமாகத் திருப்பிச் சுற்றுங்கள் என்று கத்தினேன். ஏழு நாள் ஒரு பக்கமாகச் சுற்றியவர் மறுபக்கம் திரும்பினால் தலை கிறுகிறுத்து விழுந்துவிடுவார் என்று சின்னராசா மைக்கில் பதில் சொன்னான். பிள்ளையைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தோம். அவளோ ஒரு காதில் ஊசி ஏறிய வலி தெரிந்தவள். மாமன் நெஞ்சில் எட்டி உதைத்தாள். ஹேண்டில் ஆடியது, தேங்காய் விழுந்து உருண்டது, சைக்கிள் சாயப் பார்த்தது. “பிள்ளையை இறக்குங்கள்,” என்று ஒலிபெருக்கி அலறியது. நல்ல நேரமும் முடிந்தது.

“நாளைக்கு எறங்குனதும் மொத வேல அந்தக் காதுதான் தங்கச்சி,” என்று கத்திக்கொண்டே மச்சான் அடுத்த சுற்றுக்குப் போனார்.

மறுநாள் அவர் இறங்கியபோது ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அப்போதும் அவர் கால் தரையில் படவில்லை. நேரே சின்னராசாவின் கடைக்குப் பின்னறையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். நாங்கள் ஆசாரியோடு வாசலில் நின்றோம். அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார். விழித்த கையோடு லொறியில் ஏற்றி டயகமவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே அடுத்த ஓட்டம்.

பூரணி ஒற்றைக் காதில் தோட்டுடன் பள்ளிக்கூடம் போனாள். பிள்ளைகள் வைத்த பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வயது இரட்டைப்படை, ஆகாது. ஏழுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதற்குள் இன்னொன்று நடந்தது. சைக்கிளில் காது குத்திய கதை தோட்டம் தோட்டமாகப் பரவிவிட்டது. டயகமவில் ஒரு பெண் கைப்பிள்ளையோடு வந்து கயிற்றருகில் நின்றாளாம். அவளுடைய அண்ணன், தோட்டத்து ஆட்களின் குடியுரிமையைப் பறித்த பிரஜாவுரிமைச் சட்டம் வந்து கொஞ்ச நாளில் இந்தியாவுக்குப் போனவர். போனவரால் திரும்பி வர முடியவில்லை. தங்கையைப் பார்த்துவிட்டுப் போகவும் பாஸ்போட்டு, விசா என்று ஆயிரம் தடை. “பொறந்தவன் இருந்தும் மடி இல்ல அண்ணே, ஒங்க மடியில வச்சுக் குத்திக்கிறேன்,” என்று அழுதிருக்கிறாள். மச்சானுக்கு இளகின மனசு. சரி என்று பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

அப்படிப்பட்ட தங்கைகள் மலைநாட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. போகிற ஊரிலெல்லாம் வந்தார்கள். அண்ணன் இராமநாதபுரத்தில், தம்பி திருச்சியில், ஒருவன் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. சின்னராசா ஓட்டத்தின் கடைசிக் காலையை இதற்கென்றே ஒதுக்கி, நோட்டீசில் ‘மலைநாட்டின் தாய்மாமன்’ என்று போட்டான். நன்றாக ஓடக்கூடிய இளவட்ட ஆசாரி ஒருவரையும் பிடித்துக்கொண்டான். வெளிப்பக்கக் காதுக்கும் வழி கண்டுபிடித்தார்கள். வட்டத்தை விட்டுவிட்டு, மைதானத்தில் எட்டுப் போட்டு ஓட்ட மச்சான் பழகிக்கொண்டார். எட்டில் ஒரு வளைவில் இடது காது உள்பக்கம் வரும், மறு வளைவில் வலது காது. எங்கள் வீட்டு விசேஷத்தன்று ஒருவருக்கும் தோன்றாத புத்தி அது.

நான் பொருமினேன். ஊரிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு காது, சொந்த மருமகளுக்கு ஒன்று. நாகலெட்சுமி மட்டும் அண்ணனை ஒரு சொல் குறை சொல்லவில்லை. “பாவம், அந்தப் பொம்பளைங்களுக்கு யாரு இருக்கா?” என்பாள். ஆனால் ஒன்றில் உறுதியாக இருந்தாள். இந்தத் தடவை ஓடுகிற மடி வேண்டாம். அண்ணன் தன் காம்பராவுக்கு வந்து, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மகளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

பூரணிக்கு ஏழு நடந்த வருஷம், சித்திரையில் நாள் குறித்துச் சொல்லி அனுப்பினோம். வருகிறேன் என்று பதில் வந்தது. நாகலெட்சுமி காம்பராவுக்கு வெள்ளையடித்தாள். வாசலில் வாழை கட்டினோம். அன்று காலை சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு, டவுனுக்குப் போயிருந்தவன் ஒருவன் சேதி கொண்டுவந்தான். நுவரெலியாவில் சீசன் கூட்டம். ரசிகப் பெருமக்கள் மறுபடியும் வேண்டிக்கொண்டார்களாம்.

பாய் விரித்தபடி கிடந்தது. பூரணி பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்து அம்மாவிடம், “இன்னும் ரெண்டு வருசமாம்மா?” என்று கேட்டாள். நாகலெட்சுமி பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினாள். “கெளம்புங்க,” என்றாள் என்னைப் பார்த்து.

பஸ் மாறி நுவரெலியா போய்ச் சேர்ந்தபோது மைதானத்தில் பனிமூட்டம். மச்சான் கோட்டும் குரங்குத் தொப்பியுமாக எட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். முகம் வீங்கி, கண் இரண்டும் பாதி மூடிக் கிடந்தன. கயிற்றோரம் பிள்ளைகளோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். வரிசையின் தலையில், சட்டையில் பேட்ஜ் குத்திய தொண்டன் ஒருவன் ஆளாளுக்கு விசாரித்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தான். எங்களுக்கு முன்னால் நின்ற பெண்ணிடம், தாய்மாமன் எங்கே என்று கேட்டான்.

“பண்டாரவளையில இருக்காருங்க. லீவு கெடைக்கலயாம்.”

“இருக்காருல்ல? அப்ப அவரு வரட்டும்மா. இது இல்லாதவங்களுக்கு மட்டும்.”

அந்தப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விலகிப் போனாள். எங்கள் முறை. நான் முன்னால் போய், “தம்பி, நாங்க வந்து இவருக்கு...” என்று ஆரம்பித்தேன். நாகலெட்சுமி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“இந்தப் புள்ளைக்குத் தாய்மாமன்?” என்றான் தொண்டன்.

“கெடையாதுங்க,” என்றாள் நாகலெட்சுமி.

“இந்தியா போயிட்டாரா?”

“போயிட்டாருங்க.”

இத்தனை வருஷம் அந்த மனிதரை நான் திட்டியதெல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு வார்த்தைக்குக் காணாது. அந்த நிமிஷம் எனக்கு அவர் மேல் கோபம் போய்விட்டது, பரிதாபம்தான் மிஞ்சியது.

தொண்டன் பெயரைக் கேட்டு மேடைப் பக்கம் கத்தினான். சின்னராசா தலை நிமிராமலே மைக்கில் சொன்னான்: “அடுத்ததாக, தாய்மாமன் இல்லாத குழந்தை, பூண்டுலோயா பூரணி.”

மச்சானுக்குக் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. வந்த வேகத்தில் குனிந்து, நான் நீட்டிய பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வதைப் பூரணிக்கும் சொன்னார்.

“பயப்படாத கண்ணு. மாமா இருக்கேன்ல.”

“தெரியும் மாமா,” என்றாள் பூரணி. “இந்தப் பக்கம் நீங்க முன்னமே குத்திட்டீங்க. அந்தப் பக்கந்தான் பாக்கி.”

மூடிக் கிடந்த கண் திறந்தது. அவளுடைய இடது காதைப் பார்த்தார், பிறகு கயிற்றோரம் தங்கையைத் தேடிப் பிடித்தார். சைக்கிள் வேகம் இழந்தது. ஹேண்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. வலது கால் பெடலை விட்டு இறங்கித் தரைக்கு மேல் தொங்கியது.

நாகலெட்சுமி கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். “கால ஊணிராதீங்கண்ணே,” என்றாள். “பின்னால புள்ளைங்க நிக்குது.”

அங்கே நின்ற பெண்கள் எல்லாருமே அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டார்கள். அதனால் ஒருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கால் பெடலுக்குத் திரும்பியது. சைக்கிள் வலது வளைவுக்குள் போனது. இளவட்ட ஆசாரி உள்பக்கமாக ஓடி ஒரே தடவையில் குத்திவிட்டார். பூரணி சத்தம் போடவில்லை. மச்சான்தான் அழுதார், துடைக்கக் கை இல்லாமல், எட்டு முழுக்க அழுதுகொண்டே ஓட்டினார். ‘வீரரின் ஆனந்தக் கண்ணீர்’ என்று சின்னராசா மைக்கில் சொல்ல, கூட்டம் கை தட்டியது. பிள்ளையை என்னிடம் இறக்கிக் கொடுத்தபோது ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பூரணி இரண்டு காதையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். ரம்பொடைப் பக்கம் வந்தபோது அம்மாவின் தோளைத் தட்டினாள்.

“ஏம்மா, எனக்குத்தான் மாமா இருக்காரே. அந்த ஆள்கிட்ட ஏன் இல்லன்னு சொன்ன?”

நாகலெட்சுமி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

“இருக்காருன்னு சொன்னா அவருகிட்ட விட மாட்டாங்கடி.”